பசுமை சாட்சியாகுமா?

பேரழிவொன்று கடந்து சென்ற நிலத்திற்குச் சில காலம் கழித்துத் திரும்பி வருகின்ற ஒருவர், அங்கே புல்லும் தளிரும் கண்டு, "மண் மீண்டுவிட்டது" என்று மகிழ்ந்து சொல்கிறார். அவர் சொல்வது மெய்தானா? அதைச் சொல்லும் தகுதி அவருக்கு உண்டா? இவ்விரு வினாக்களும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. முன்னதற்குப் பயிர் நூல் கற்றோர் விடை தருவர். பின்னது அறத்தைச் சேர்ந்தது. அதைப் பற்றியே ஈண்டுச் சற்றுச் சிந்திக்க விழைகிறோம்.

காட்டுத்தீயைப் பற்றிய செய்திகளைப் படிப்போர் இத்தகைய மகிழ்ச்சியுரைகளைப் பலமுறை கண்டிருப்பர். 2019-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020-இன் தொடக்கத்திலும் ஆஸ்திரேலிய நாட்டில் ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் எரிந்தது. சில மாதங்கள் கழிந்ததும், கரிக்கட்டையாய் நின்ற மரங்களின் கரும்பட்டையைப் பிளந்துகொண்டு இளந்தளிர்கள் கொத்துக் கொத்தாய் வெளிவந்தன. நம் பகுதியில் தைலமரம் என வழங்கும் யூகலிப்டசுக்குத் தாயகம் அந்நாடே. அவ்வினத்து மரங்கள் பல, பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளை வைத்துக்கொண்டு காத்திருப்பவை. மேலே இலை கருகியதும் அவை விழித்துக்கொள்கின்றன. அப்படங்களைக் கண்டு நெகிழாதார் இலர். ஆயின் அதே இனத்தில் வேறொரு வகையும் உண்டு. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் வானளாவ வளரும் அம்மரம் கடுந்தீயில் பட்டால் பட்டதுதான். விதையிலிருந்தே அதன் குலம் மறுபடி தழைக்க வேண்டும். அக்கன்றுகள் விதை கொடுக்கும் பருவத்தை எட்ட ஏறக்குறைய இருபது ஆண்டுகள் செல்லும். அதற்குள் மற்றொரு தீ வந்துவிடின் அந்தக் காடு அங்கே இல்லாமலே போகிறது. புதரும் வேறு மரங்களும் அவ்விடத்தை நிரப்புகின்றன. பத்தாண்டு கழித்து அங்கே போகின்றவர் காண்பதும் பசுமைதான்.

நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட தீயில், மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைப்புல் வேரில் உயிரை ஒளித்து வைத்திருப்பது. மழை கண்டால் துளிர்ப்பது அதன் இயல்பு. அந்தச் சரிவு பச்சையாகிவிட்டது என்ற செய்தியை, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ஆறுதலாக எடுத்துச் செல்ல யாருக்கேனும் மனம் வருமா?

நிற்க. எமது புதுவை மாநிலத்துக் கிராமப் பகுதிகளான வில்லியனூரிலும் பாகூரிலும் காட்டுத்தீ இல்லை. எரிவதற்குக் காடும் இல்லை. இங்கே ஏரிகளும் கழனிகளும் தோப்புகளுமே உண்டு. வில்லியனூரின் ஓரமாகச் சங்கராபரணி ஓடுகிறது. பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணை. அவ்வாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. பங்காரு, சிங்காரி என்னும் இரு பெண்களின் பெயரால் வாய்க்கால்கள் அமைந்த கதையை இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வர். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பல்லவ மன்னன் நிருபதுங்கன் இவ்வூர்க் கல்விச்சாலைக்குக் கிராமங்களை மானியமாக விட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. ஆசிரியத் தொழில் செய்து வயிறு வளர்க்கும் எமக்கு அந்தச் செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்!

இங்கே தீயின் வேலையைக் காற்று செய்யும். 2011 டிசம்பர் 30 அன்று காலை, கடலூருக்கும் புதுவைக்கும் இடையே 'தானே' புயல் கரையேறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று வீசிற்று. மறுநாள் நின்ற மரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை காற்றடித்த மரங்களாகத் தோன்றவில்லை. நெருப்பில் வாட்டி எடுத்தவை போலத் தோன்றின. கடலின் உப்பைச் சுமந்து வரும் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிக் கருக்கிவிடும். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' வந்தது. அது சவூதி அரேபியா கொடுத்த பெயர். அரபு கற்றோர்க்கு அது, கஹ்வா பருகும் சிறு கோப்பையாகிய ஃபின்ஜானை நினைவூட்டும். அந்தச் சின்னக் கோப்பை ஒரே நாளில் புதுவையின்மீது ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழையைக் கவிழ்த்தது. அடுத்த இரு நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட பெருவெள்ளம் தென்பெண்ணையில் இறங்கி, சோரியாங்குப்பம், குருவிநத்தம் முதலிய கரையோரக் கிராமங்களுக்குள் புகுந்தது.

இவ்விரண்டுக்கும் பின்னர் மண் எவ்வாறு பச்சை பூண்டது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தல் வேண்டும். ஏனெனில் மரங்கள் யாவும் ஒரே விதமாக மீள்வதில்லை. முருங்கை முறிந்த இடத்திலேயே துளிர்க்கும். அதற்குப் புயல் ஒரு கவாத்து. பூவரசங் கிளையை வெட்டி நட்டாலே வேர்விடும். வேம்பு அடிமரத்திலிருந்தும் வேரிலிருந்தும் கிளம்பும். வாழை சாய்ந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. பக்கக்கன்று வந்துவிடும், குலைதான் போயிற்று. தென்னையின் கதை வேறு. அதற்கு உச்சியில் ஒரே குருத்து. அது முறிந்தால் முப்பது ஆண்டு நின்ற மரமும் வெறுங் கம்பம். பனைக்கும் ஒரே குருத்துதான். ஆயினும் அது காற்றுக்கு எளிதில் பணிவதில்லை. சவுக்கு வெட்டிய அடியிலிருந்து நன்கு துளிர்ப்பதில்லை. புதிதாய் நட வேண்டும். பலாவை விதையிட்டு வளர்ப்பவர் காய் காண ஏழெட்டு ஆண்டு பொறுக்க வேண்டும். தானேயில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாத் தோப்புகளும் முந்திரித் தோப்புகளும் சாய்ந்தபோது சாய்ந்தது ஓராண்டு வெள்ளாமையன்று, ஒரு தலைமுறையின் சேமிப்பு. பாட்டன் நட்டதைப் பேரன் தின்னுவது என்பது அங்கே வாய்வார்த்தையன்று. மகளின் திருமணமும் மருத்துவச் செலவும் அம்மரங்களிலேதான் இருந்தன.

இவையெல்லாம் துளிர்ப்பதற்கு முன்னே விரைந்து வருகிறவை சில உண்டு. வெள்ளம் வடிந்த குட்டையில் ஆகாயத்தாமரை வரும். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. வில்லியனூர்ப் பக்கத்துக் குளங்களில் அதைப் பார்த்துக் குழந்தைகள் கைகொட்டுவர், அவ்வளவு அழகு. ஏரிக்கரையிலும் தரிசிலும் சீமைக்கருவேலம் வரும். அதுவும் கடல் கடந்து, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டிற்கு வந்ததே. மணல் ஏறிய வயலில் கோரை வரும். தொலைவில் நின்று பார்ப்பவருக்கு நெல்லும் பச்சை, கோரையும் பச்சை.

பிரான்சு நாட்டில் குடியேறிய எம் தமக்கை மகன் விடுமுறையில் வந்திருந்தபோது பாகூர் ஏரிக்கரையில் அவருடன் நடந்தோம். வெள்ளத்தின்போது அவர் அங்கே கைப்பேசியில் படங்களைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர், பணமும் அனுப்பியவர். இப்போது கரையில் நின்று, "மாமு, எவ்வளவு சீக்கிரம் எல்லாம் பழையபடி ஆயிடிச்சு, மாஷா அல்லாஹ்!" என்றார். பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றவர் எமக்குப் பழக்கமான முதிய விவசாயி. சிரித்துக்கொண்டே சொன்னார்: "பச்சையாத்தான் இருக்குது தம்பி. கிட்ட வந்து என்ன பச்சைன்னு பாருங்க. அந்தாண்ட தெரியிறது கோரை. மணலு ஏறிக் கெடக்குது, வாரி எறியக் காசு இல்ல. இந்தாண்ட இருக்கிறது நெல்லுதான். நகைய வச்சு நட்ட நெல்லு. அஜ்ரத்தையே கேளுங்க, நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவர் குரலில் குறையே இல்லை. கேட்கப்படாத ஒரு கணக்கை ஒப்பிப்பவர் போலச் சொல்லிவிட்டு மடையைத் திருப்பப் போய்விட்டார். ஆனால் அந்த ஒரு வயலின் இரு பக்கங்களும் எம் சிந்தனையை விட்டு அகலவில்லை.

திருமறையின் சூரத்துல் பகராவில், கூரைகள் இடிந்து விழுந்து கிடந்த ஓர் ஊரைக் கடந்து சென்ற மனிதரின் வரலாறு வருகிறது. அவர் உஸைர் (அலை) என்றும், ஊர் பைத்துல் முகத்தஸ் என்றும் விரிவுரையாளர் பலர் உரைப்பர். இறந்துபட்ட இவ்வூரை அல்லாஹ் எவ்வாறு உயிர்ப்பிப்பான் என்று அவர் வியந்தார். நூறாண்டுகள் அவர் மரணத்தில் ஆழ்த்தப்பட்டார். எழுப்பப்பட்டு, எவ்வளவு காலம் தங்கினீர் என வினவப்பட்டபோது, ஒரு நாளோ அதிலும் குறைவோ என்றார். இவ்வரலாறு மறுமையில் உயிர்ப்பித்தலுக்குச் சான்றாகவே அருளப்பட்டது, அதில் ஐயமில்லை. எனினும் அதன் ஒரு நுணுக்கத்தில் எம் கண் தங்குகிறது. அந்த நூறாண்டு அவருக்கு ஒரு நாள். அவ்வூரைக் கல்மேல் கல்லாக மறுபடி எழுப்பியவர்களுக்கோ அது நூறாண்டே. அவர்களுள் எத்தனை பேர் சுவர் பாதி எழும்பும் முன்னரே கண்மூடினரோ! பயணம் போய்த் திரும்புகின்ற எவருக்கும் இடைப்பட்ட காலம் சுருங்கிவிடுகிறது. அது அவர் குற்றமன்று, அமைப்பே அப்படி. விமானத்தில் ஏறியபோது வெள்ளம், இறங்கும்போது பயிர். நடுவில் கிடக்கும் நாள்கள், வட்டியைப் போல, அங்கேயே இருந்தவர் தலையில் ஏறின.

சூரத்துல் கலமில் வரும் தோட்டக்காரர்களின் வரலாறு இன்னும் நெருக்கமானது. ஏழைகள் வருமுன் விடியற்காலையில் கனி பறித்துவிட வேண்டும் என்று அவர்கள் திட்டமிட்டு உறங்குகையில் தோட்டம் அழிவுற்றது. காலையில் அது எப்படி இருந்தது என்பதற்குத் திருமறை ஆளும் சொல் 'ஸரீம்'. அறுத்தெடுக்கப்பட்டது என்று ஒரு சாராரும், இருண்ட இரவு என்று ஒரு சாராரும் பொருள் கொள்வர். எரிந்து கரியாயிற்று என்போரும் உளர். வந்து பார்த்தவர்கள் தம் தோட்டத்தையே அடையாளம் காணாமல், வழி தவறிவிட்டோம் என எண்ணினர். பிறகு தெளிந்து, வருந்தி, இதனினும் சிறந்ததை இறைவன் மாற்றாகத் தரலாம் என நம்பிக்கை கொண்டனர். கவனியுங்கள்: அந்தத் தோட்டமே திரும்ப வரும் என அவர்கள் எண்ணவில்லை. மாற்றாக ஒன்றை விரும்பினர். அரபியில் அதற்குரிய வேர்ச்சொல் 'பதல்'. நாம் அன்றாடம் வழங்கும் 'பதில்' என்னும் சொல்லும் அதன் வழி வந்ததே. அழிந்த நிலத்தில் முளைப்பது முன்னிருந்ததன் மீட்சியன்று, அதற்கு ஒரு பதில். பதில் சிறந்ததாகவும் இருக்கலாம், கோரையாகவும் இருக்கலாம். எது என்று ஆராயாமல் 'பழையபடி' என்ற சொல்லை வாயிலெடுப்பது, கடைக்காரன் கொடுத்த சில்லறையை எண்ணாமல் பையில் போடுவதைப் போன்றது. அதுவும் பிறர் பைக்கு உரிய சில்லறை!

அப்படியாயின் பசுமை கண்டு மகிழலாகாதா? வறண்டு இறந்த பூமி மழையால் உயிர் பெறுவதைப் பார்க்குமாறு திருமறை பலவிடங்களில் நம்மை ஏவுகிறது. அங்கே மகிழாதவன் நெஞ்சம் கல். கொட்டுமேளம் போல் தவளை கத்தும் ஒரு மழை இரவுக்குப் பின் பாகூர்க் கழனிகள் காட்டும் அந்த முதல் பச்சையை, ஊசுட்டேரிக்குத் திரும்பி வரும் நாரைகளை, எவ்வளவு பார்த்தாலும் எமக்குத் தெவிட்டியதில்லை. (அந்த ஏரியின் புதுவைப் பகுதி 2008-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது நல்ல காரியம்.) ஆகவே மகிழ்ச்சிக்குத் தடை சொல்லவில்லை. மகிழ்ச்சி வேறு, சாட்சியம் வேறு என்கிறோம். மார்க்கச் சட்டத்தில் சாட்சி சொல்பவர் தாம் நேரில் அறிந்ததையே சொல்ல வேண்டும். நிலம் முன்பு எப்படி இருந்தது, இப்பச்சையை எது தாங்கி நிற்கிறது என்பதை அறியாதவர் "மீண்டுவிட்டது" என்பது, காணாத கொடுக்கல் வாங்கலுக்குக் கையெழுத்திடுவதே. அச்சொல் காற்றோடு போவதுமில்லை. அதைக் கேட்டு உதவி செய்வோர் கையை மடக்கிக் கொள்கின்றனர். ஜமாஅத்தில் பட்டியல் எழுதுவோர் ஒரு பெயரை அடித்துவிடுகின்றனர். அடுத்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து வரும் பணம் வேறு காரியத்துக்குப் போய்விடுகிறது.

இங்கே ஒரு நபிமொழி பெரிதும் துணைசெய்கிறது. கபீஸா (ரலி) என்னும் தோழர் அறிவித்து, இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் தொகுப்பில் பதிந்தது. பிறரிடம் கேட்டுப் பெறுதல் மூவருக்கே ஆகும் என நபிகள் நாயகம் (ஸல்) வரையறுத்தார்கள். பிறருக்காகப் பொறுப்பேற்றுக் கடன் சுமந்தவர் ஒருவர். 'ஜாயிஹா' எனும் பேரழிவால் பொருள் முழுதும் பறிபோனவர் மற்றொருவர். வறுமையில் வீழ்ந்தவர் மூன்றாமவர். இரண்டாமவருக்கு எதுவரை அந்த உரிமை? நிலம் பச்சையாகும் வரை என்றோ, வெள்ளம் வடியும் வரை என்றோ அங்கே சொல்லப்படவில்லை. வாழ்க்கைக்கு ஒரு 'கிவாம்' கிடைக்கும் வரை என்றே சொல்லப்பட்டது. கிவாம் என்பது ஒன்றை விழாமல் நிற்கச் செய்வது. குலை தள்ளிய வாழைக்கு எம் வில்லியனூர்ப் பக்கத்தில் முட்டுக் கொடுக்கிறார்களே, அதுதான். மனிதன் தன் முட்டில் நிற்கும் நாளே மீட்சியின் நாள். அளவுகோல் வயலில் இல்லை. வயலுக்கு உரியவன் நிற்கும் நிலையில் இருக்கிறது.

அந்நபிமொழியின் மற்றொரு நுட்பம் இதனினும் ஆழமானது. மூன்றாமவருக்கு மட்டும், அவருடைய கூட்டத்தாருள் அறிவுடையோர் மூவர் சாட்சி சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. இரண்டாமவருக்கு இல்லை. ஏன் இந்த வேறுபாடு? பேரழிவு வெளிப்படையானது, ஊரே கண்டது, அதற்குச் சாட்சி வேண்டா. வறுமையோ மறைவானது, ஆகவே அறிந்தவர் சொல்ல வேண்டும் என்று விரிவுரையாளர் விளக்குவர். இதை எம் முதிய விவசாயியின் வயலோடு பொருத்திப் பாருங்கள். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் இடுப்பளவு நீரில் அவர் நின்றபோது அவர் இரண்டாமவர். உலகம் முழுதும் கைப்பேசியில் அவரைக் கண்டது; சாட்சி தேவையில்லை. இன்று நெல் பச்சையாய் நிற்கிறது. நகை அடகில் நிற்கிறது. மணல் வயலில் நிற்கிறது. இப்போது அவர் மூன்றாமவர். அவருடைய இழப்பு குறையவில்லை, கண்ணுக்கு மறைந்தது. மறைத்தது எது? அந்தப் பசுமையே! வெளிப்படையான துன்பத்தை மறைவான துன்பமாக மாற்றும் ஆற்றல் பசுமைக்கு உண்டு. ஆகவேதான் வெள்ளம் நின்ற நாளைவிடப் பயிர் நிற்கும் நாளில் சாட்சி அதிகம் தேவைப்படுகிறது. அச்சாட்சியும் அவர் கூட்டத்தாருள்ளிருந்தே, அருகிருந்து அறிந்தோரிடமிருந்தே வரவேண்டும் என்பதில் எத்துணை நுட்பம்! கடன்பட்டோரை ஜகாத்துக்கு உரிய எட்டுப் பிரிவினருள் ஒருவராகத் திருமறை வைத்திருக்கிறது. அடகுக்கடைச் சீட்டு வயலின்மேல் எழுதித் தொங்குவதில்லை, கேட்டறிய வேண்டும். அவர் நம் மார்க்கத்தார் அல்லாதவராயின் சதக்காவின் வாயில் திறந்தே இருக்கிறது.

"இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், நாம் யார் தலையிட?" என்று கேட்போரும் உண்டு, இக்காலத்தில் படித்தவர்களிடையே இப்பேச்சு மிகுதி. பாதி உண்மை. புதுவைக்கு வடக்கே ஆரோவில் மேட்டுநிலம் 1968-இல் ஏறக்குறைய மொட்டையாய்ச் செம்மண் அரித்துக் கிடந்தது. அங்கே கைகள் நட்டன, வரப்பு எழுப்பின, நீரைத் தேக்கின. விரைந்து வளரும் வெளிநாட்டு மரங்கள் முதலில் நிழல் தந்தன. அந்நிழலில் இக்கடற்கரைக்கே உரிய பழைய மரங்கள் மெல்ல எழுந்தன. தானே புயல் வந்தபோது முன்னவற்றில் பல வீழ்ந்தன. மண்ணும் தன் வேலையைச் செய்தது, மனிதரும் தம் வேலையைச் செய்தனர். இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்னும் சட்டப்பிரிவை நம் மத்ரஸாக்களில் 'இஹ்யாவுல் மவாத்' என்று பாடம் நடத்துகிறோம். வெறுமனே கல் நட்டு எல்லை வளைத்துவிட்டு மூன்றாண்டு கிடப்பில் போட்டவருக்கு அந்த உரிமை நிலைக்காது என்பதும் அப்பாடத்தில் உண்டு. நிலத்தில் தானாக முளைத்த புல்லை வைத்து எந்தச் சட்ட அறிஞரும் யாருக்கும் உரிமை எழுதியதில்லை.

வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சிறு வேண்டுகோள் மட்டும் உண்டு. நீங்கள் ஊருக்கு வருவது பெரும்பாலும் பள்ளி விடுமுறையான ஜூலையிலும் ஆகஸ்டிலும். அப்போது வானம் வெளுத்திருக்கும், ஏரிக்கரை உலர்ந்திருக்கும், மாலையில் நடப்பதற்கு இனிதாக இருக்கும். புயல்கள் அம்மாதங்களில் வருவதில்லை. தானே மார்கழியில் வந்தது, ஃபெஞ்சல் கார்த்திகையில் வந்தது. முடிந்தால் ஒரேயொரு ஆண்டு கார்த்திகையில் விடுப்பெடுத்து வாருங்கள். பங்காரு வாய்க்காலில் அப்போது தண்ணீர் செந்நிறமாய் வரும். கரையில் நிற்கிற மனிதர்கள் தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள், வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுள் ஒருவரிடம் போய், போன வெள்ளத்தில் போனது என்ன, அதில் எது இன்னும் வரவில்லை என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் அஸருக்கு முன் முடியாது. நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.